மாற்றுச் சமயத்தவரும் மதித்த நாவலர் பெருமான்

ஈழவள நாட்டின் சிரமென விளங்கும் யாழ்ப்பாணத்திலே, முருகப்பெருமான் கோயில் கொண்டருளும் நல்லூரிலே, சித்திரபானு வருடம் மார்கழித் திங்கள் 5 ஆம் நாள், அதாவது 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் திகதி, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகவாக அவதரித்தவர் ஆறுமுகம் என்னும் திருநாமம் பூண்ட நாவலர் பெருமான். சைவத்தையும் தமிழையும் இரு கண்களாகப் போற்றியவர், வசனநடை கைவந்த வல்லாளர், பாடசாலை அமைத்தவர், அச்சியந்திரம் நிறுவியவர் என்றெல்லாம் அவரைப் பற்றி ஆலய மலர்களிலே வருடந்தோறும் படித்து வருகின்றோம். ஆனால் அவருடைய வாழ்விலே அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. தம்முடைய சமயத்தை அழிக்க வந்தவர்கள் என்று தாமே கருதியவர்களுடன் ஏழெட்டு ஆண்டுகள் ஒரே மேசையில் இருந்து அவர் வேலை செய்தார் என்பதே அது. அவர்களுடைய கருத்தை அவர் ஏற்கவில்லை. ஆயினும் அவர்களை இழித்துரைத்து விலகி ஓடவும் இல்லை.

கந்தப்பிள்ளை தமிழ் வல்லவர், நாடகங்கள் பாடியவர். ஆறுமுகம் ஒன்பது வயதுப் பாலகனாக இருந்தபோதே அவர் சிவபதமடைந்தார். தந்தையார் பாதியிலே விட்டுச் சென்ற நாடகமொன்றை அந்தச் சிறு பிராயத்திலேயே மகன் பாடி முடித்தார் என்று சொல்வார்கள். பின்னர் இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும், சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் இலக்கண இலக்கியங்களை ஐயந்திரிபறக் கற்றார். ஆங்கிலம் கற்பதற்கு அக்காலத்தில் மிசன் பாடசாலையை விட்டால் வேறு வழியில்லை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிசனார் நடத்திய ஆங்கில பாடசாலையிலே அவர் சேர்ந்தார். பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்ற பாடசாலை அதுவே. அங்கே அதிபராக இருந்தவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார்.

பேர்சிவல் 1803 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1826 இல் இலங்கைக்கு வந்து தமிழ் பயின்றவர். சுதேச மக்களின் மொழியைச் சரிவரக் கல்லாமல் அவர்களிடம் எதையும் பேச முடியாது என்று உறுதியாக நம்பியவர். யாழ்ப்பாணத்தார் வாயில் வழங்கிய பழமொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்து நூலாக்கியவர். அப்படிப்பட்ட ஒருவருடைய கண்ணுக்கு, படிப்பு முடிந்த கையோடு நின்ற நெற்றியிலே திருநீறணிந்த இளைஞனின் தமிழறிவு தப்பவில்லை. 1841 அளவிலே, இருபது வயதையும் எட்டாத ஆறுமுகத்தைத் தமது பாடசாலையிலேயே ஆசிரியராக அவர் அமர்த்திக்கொண்டார். கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் கற்பிக்கும் பணி. அதனோடு இன்னொரு பணியும் வந்து சேர்ந்தது. கிறிஸ்தவ வேதமாகிய விவிலியத்தைத் தமிழிலே புதிதாக மொழிபெயர்க்கும் வேலைக்குப் பேர்சிவலுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

இந்த இடத்திலே சற்று நின்று யோசிக்க வேண்டும். அக்காலம் எப்படிப்பட்டது? 1841 சனவரியிலே அமெரிக்க மிசனார் உதயதாரகை என்னும் பத்திரிகையை ஆரம்பித்திருந்தனர். கோயில் வழிபாட்டையும் புராணங்களையும் கண்டித்துத் துண்டுப்பிரசுரங்கள் ஊரூராகப் பரவின. படித்த இளைஞர் பலர் உத்தியோகத்துக்காகவும் உண்மையான ஈடுபாட்டினாலும் மதம் மாறிக்கொண்டிருந்தனர். 1842 இலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவர்கள் ஒன்றுகூடி, தமது பிள்ளைகளுக்கென்று ஒரு சைவப் பாடசாலை வேண்டும் என்று ஆலோசித்தார்கள். ஊர் இப்படி இரண்டுபட்டுக் கிடந்த வேளையிலே, சைவத்தில் ஊறிய ஒரு இளைஞன் பாதிரியாருக்கு வேதம் மொழிபெயர்த்துக் கொடுக்கின்றான் என்றால் ஊரார் என்ன நினைத்திருப்பர்? மறுபுறத்திலே, மதம் மாறாத, மாறப்போவதுமில்லாத ஒருவனைத் தமது வேதத்தின் சொற்களைத் தீர்மானிக்கும் இடத்தில் வைத்த பேர்சிவலைச் சக பாதிரிமார் எவ்விதம் பார்த்திருப்பர்? இருவருக்கும் இது இலகுவான காரியமன்று.

ஆனாலும் வேலை நடந்தது, ஆண்டுக்கணக்காக நடந்தது. ஆறுமுகம் திருநீற்றையும் உருத்திராக்கத்தையும் தமது ஆசாரத்தையும் விடவில்லை. விடும்படி பேர்சிவல் வற்புறுத்தவுமில்லை. மொழிபெயர்ப்பு என்பது ஒரு நாள் தர்க்கம் போன்றதன்று. மேடையிலே எதிரியின் வார்த்தையை வளைத்துப் பேசிவிட்டு இறங்கிவிடலாம். மொழிபெயர்ப்பிலே அது இயலாது. எழுதியவர் என்ன கருதினாரோ அதனை முதலில் உள்ளபடி விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்கியதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும். அந்தச் சொல் தனக்கு உவப்பில்லாத கருத்தைச் சொன்னாலும் அதைக் குறைக்காமல், திரிக்காமல் வைக்க வேண்டும். கடவுளைக் குறிப்பதற்குப் பழைய மொழிபெயர்ப்புகளிலே சர்வேசுரன், பராபரன் முதலிய சொற்கள் வழங்கின. பேர்சிவலின் மொழிபெயர்ப்பிலே தேவன் என்னும் சொல் ஆளப்பட்டது. ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் இத்தகைய ஆராய்ச்சி இருந்தது. ஆதியாகமம் தொடங்கி இறுதி வரையும் ஒரு சைவ இளைஞன் விவிலியத்தை இவ்வாறு வரி வரியாகக் கற்றது யாழ்ப்பாணத்தின் சமய வரலாற்றிலே எதிர்பாராத விளைவுகளை உண்டாக்கியது.

மொழிபெயர்ப்பு நிறைவேறியதும் பேர்சிவலும் ஆறுமுகமும் அதனை எடுத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றார்கள். அங்கிருந்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழை இலேசில் ஒப்புக்கொள்வார்களா? பிரதியை மழவை மகாலிங்கையர் என்னும் பெரும் புலவரின் பார்வைக்கு வைத்தனர் என்றும், அவர் அதன் தமிழ்நடையைச் சிறந்ததென ஏற்றுக்கொண்டார் என்றும், நாவலரின் தமையனார் மகன் த. கைலாசபிள்ளை எழுதிய சரித்திரம் வாயிலாக அறிகின்றோம். பாதிரியாரின் வேதத்துக்குச் சைவ இளைஞன் தமிழ் செய்ய, அதனை ஒரு பிராமண வித்துவான் சரிபார்த்தார். இன்றைக்கு இப்படி ஒன்று நடக்குமா என்பது சந்தேகமே. அந்த மொழிபெயர்ப்பு 1850 இலே சென்னையில் அச்சாகி வெளிவந்தது. அதன் தமிழ் உயர்ந்த நடையில் இருந்ததால் சபைகளிலே அது நிலைபெறவில்லை. 1871 இல் வெளியான வேறொரு மொழிபெயர்ப்பே பரவலாயிற்று. ஆயினும் தேவன் என்ற சொல் பின்வந்த அந்த மொழிபெயர்ப்பிலும் நிலைத்துவிட்டது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பேர்சிவலிடம் சம்பளம் பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுகம் தமது முதலாவது சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அதன் பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. சில வாரங்களில் அவர் பேசினார். சில வாரங்களில் நண்பர் கார்த்திகேசையர் பேசினார். பாதிரிமாரின் கண்டனங்களுக்கு விடை கூறுவதும், சைவர்களிடத்தே காணப்பட்ட குறைகளை எடுத்துரைப்பதும் அப்பிரசங்கங்களின் நோக்கங்களாக இருந்தன. பகலிலே பாதிரியாருடன் பணி; வெள்ளி இரவிலே அந்தப் பாதிரியாரின் சமயத்துக்கு மறுப்பு. இதில் ஒளிவு மறைவு எதுவும் இருக்கவில்லை. கோயிலிலே ஊர் கூடிக் கேட்ட பிரசங்கம் பேர்சிவலுக்குத் தெரியாமற் போயிருக்க முடியாது. இந்நிலை ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் நீடித்தது. ஒருவரை ஒருவர் எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1848 செப்டெம்பரிலே ஆறுமுகம் தாமாகவே அப்பதவியை விட்டு விலகினார். கூடிய வேதனம் தருவதாகப் பேர்சிவல் கூறித் தடுத்தும் அவர் இணங்கவில்லை என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்துவிட்டமையால், இரண்டு தோணியில் கால் வைக்க அவருக்கு மனமில்லை. பிரிவு நேர்ந்தது, பகை நேரவில்லை.

விலகி வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. மிசனாரிடம் தாம் கண்ட நல்ல முறைகளை எல்லாம் கூச்சமின்றிச் சைவத்துக்கு எடுத்துக்கொண்டார். வகுப்புகளாகப் பிரித்து, நேரசூசி வைத்து, படிமுறையாகப் புத்தகம் எழுதிக் கற்பித்தல் அவர்களுடைய முறை. அதைப் பின்பற்றியே பாலபாடங்கள் தோன்றின. வாரந்தோறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வசனநடையிலே பிரசங்கித்தலும் அவர்களுடைய வழக்கமே. சமயக் கொள்கையை வினாவும் விடையுமாக எழுதிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையும் அவ்வாறானதே. அதிலிருந்து கிடைத்ததுதான் நம் வீடுகளிலே மூன்று நான்கு தலைமுறைகள் பாடமாக்கிய சைவ வினாவிடை. அச்சியந்திரமும் அப்படியே. 1849 இலே மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகம் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்திலே பிரசங்கம் செய்து நாவலர் என்னும் பட்டம் பெற்று, சென்னையில் யந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார். எதிர்த்தரப்பார் செய்ததென்பதற்காக நல்லது ஒன்றைத் தள்ளிவைக்கும் குணம் அவரிடம் இருந்திருந்தால், பெரியபுராண வசனம் 1852 இலே நம் முன்னோர் கைக்குக் கிடைத்திராது.

1854 இலே சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. சைவத்தின் மேல் பாதிரிமார் சுமத்திய குற்றங்களைத் தலைப்புத் தலைப்பாக எடுத்து விடையிறுக்கும் நூல் அது. அதிலே நாவலர் கையாண்ட வழி கவனிக்கத் தக்கது. கோயிலும் தீபமும் தூபமும் நைவேத்தியமும் திருவிழாவும் அபத்தம் என்று பாதிரிமார் எழுதினார்கள். நாவலர் அவர்களுடைய வேதத்தையே திறந்தார். இஸ்ரவேலரின் ஆலயத்திலே விளக்கு இல்லையா, தூபம் இல்லையா, அபிஷேகத் தைலம் இல்லையா, பலி இல்லையா, சுத்தி அசுத்தி இல்லையா, பண்டிகை நாட்கள் இல்லையா என்று இடஞ்சுட்டி வினவினார். அவர்கள் பரிசுத்தமென்று போற்றும் நூலைப் பொய்யென்று தள்ளிவிட்டு வாதிடவில்லை; அதனைப் பிரமாணமாக வைத்துக்கொண்டே பேசினார். எட்டாண்டு மொழிபெயர்ப்பு வேலை இங்கேதான் பயன்பட்டது. நூலிலே சூடான சொற்கள் இல்லாமலில்லை. அக்காலக் கண்டன நூல்கள் எத்தரப்பிலும் அப்படித்தான். என்றாலும் அதிலே காணப்பட்ட விவிலிய அறிவைக் கண்டு வெஸ்லியன் மிசனாரே தமது அறிக்கையில் வியந்து எழுதினார்கள். எதிராளி தன் நூலைக் கற்றிருக்கின்றான் என்று தெரியும்போது, அவன் சொல்லைக் காதில் வாங்காமல் இருக்க முடிவதில்லை.

அதே 1854 இலே பேர்சிவலும் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். இந்தியாவையும் அதன் மக்களையும் சமயங்களையும் பற்றிய நூல். வேத நாடு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அவர் கிறிஸ்தவராகவே எழுதினார். நாவலர் சைவராகவே எழுதினார். எட்டாண்டு ஒன்றாயிருந்தும் இருவரில் எவரும் மற்றவரின் பக்கம் சாயவில்லை.

சைவதூஷண பரிகாரத்துக்கு மறுப்பு எழுதியவர்களிலே குறிப்பிடத்தக்கவர் கறல் விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்று, கிறிஸ்தவராகி, கணிதத்தில் வல்லவராய் வீசகணிதம் என்னும் நூலை இயற்றியவர். 1857 இலே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவராகத் தேறியவர். மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. நாவலரை மறுத்து விசுவநாதபிள்ளை எழுதிய நூல் சுப்பிரதீபம். கல்வியிலே நிகரான இருவர் எதிரெதிராக நின்று எழுதிய காலம் அது. காலம் சென்று விசுவநாதபிள்ளை சைவத்துக்கு மீண்டார், நாவலருக்கு அணுக்கமானார். முன்னே எழுதிய கண்டனத்தைக் காரணங்காட்டி அவரை வாசலில் நிறுத்தி வைக்கவில்லை நாவலர். தாமோதரம்பிள்ளையும் கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தவர்தான். சென்னையிலே பேர்சிவல் நடத்திய தினவர்த்தமானிப் பத்திரிகையில் பணியாற்றியவர். அவர் 1868 இலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தபோது அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலரே. ஒருவர் பேர்சிவலிடத்தும் நாவலரிடத்தும் ஒருங்கே நல்லவராயிருக்க அக்காலத்திலே முடிந்திருக்கின்றது.

இவ்வளவும் சொன்ன பின்பு இன்னொன்றையும் மறையாமற் சொல்ல வேண்டும். பேர்சிவலிடம் காட்டிய பொறுமையை நாவலர் பெருமான் தம் சமயத்தவரிடம் எப்போதும் காட்டினார் என்று கூற முடியாது. கோயில்களிலே உயிர்ப்பலி இடுவதையும், திருவிழாக்களிலே தாசிகளின் சதிர் வைப்பதையும், ஆகமம் அறியாதவர் பூசை செய்வதையும் கடுஞ்சொற்களால் கண்டித்தார். தாம் பிறந்த ஊர்க் கோயிலாகிய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நடைமுறைகளையும் 1875 இலே துண்டுப்பிரசுரம் எழுதிக் கண்டித்தார். கண்டித்த விடயங்கள் பலவற்றில் காலம் அவர் பக்கமே நின்றது. இன்று எந்த ஊர்க் கோயிலிலும் சதிர் இல்லை, பலியும் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஆனால் அவருடைய சொற்களின் சூடு பலரை அவரிடமிருந்து விலக்கியதும் உண்மை. சாதி வேறுபாடு பற்றி அவர் கொண்டிருந்த நிலைப்பாடும் அக்காலத்துக்குரியது. இன்றைய சைவர் பலருக்கு அது ஏற்புடையதன்று.

சிதம்பரம் இராமலிங்க அடிகளாரோடு நேர்ந்த பிணக்கு இவை எல்லாவற்றிலும் வருத்தத்துக்குரியது. 1867 இலே திருவருட்பா அச்சேறியது. அடிகளாரின் பாடல்களைத் திருமுறைகளுக்கு ஒப்பாக அன்பர்கள் கொண்டாடியதை நாவலர் ஏற்கவில்லை. இரு பக்கத்தாரும் மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக எழுதித் தள்ள, 1869 இலே கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் விவகாரம் சென்றது. இருவரும் சிவனடியார், இருவரும் தமிழுக்குத் தொண்டு செய்தவர். வேதத்தையே ஏற்காத பாதிரியாருடன் ஒரு மேசையில் இருந்தவர், சிவத்தைப் பாடிய அடிகளோடு இருக்க முடியாமற் போயிற்று. இதற்குக் காரணம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. அயலவனோடு பேசும்போது ஒரு நிதானம் தானாகவே வந்துவிடுகின்றது; தம்முடையவர் மாறுபடும்போதுதான் நெஞ்சு கொதிக்கின்றது. திருவிழா உபயம் பற்றியும் கணக்கறிக்கை பற்றியும் ஆலய பரிபாலன சபைக் கூட்டங்களிலே எழும் வாக்குவாதங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளக்க வேண்டியதன்று. நீதிமன்றத்துக்குள் அடிகளார் வந்தபோது அங்கிருந்தவர்களோடு நாவலரும் எழுந்து நின்றார் என்று அடிகளாரின் அன்பர்கள் சொல்வதுண்டு. வழக்காடியவரின் பெருமையை அவருக்கு எதிரணியார் இவ்வாறு போற்றிச் சொல்லி வருவதே ஒரு சிறப்பு.

நாவலரின் பிற்காலம் ஓயாத தொண்டிலே கழிந்தது. 1864 இலே சிதம்பரத்தில் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை; வண்ணார்பண்ணை வித்தியாசாலைக்கு 1870 இலே அரசாங்க நன்கொடை; 1872 இலே தொடங்கிப் பணமின்றிச் சில ஆண்டுகளில் மூட நேர்ந்த சைவாங்கில வித்தியாசாலை. 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். பட்டினியால் மக்கள் வாடுகையில் அரசாங்க ஏசண்டர் துவைனம் துரை போதியதைச் செய்யவில்லை என்று பகிரங்கமாக எழுதினார். இங்கே அவருடைய கடுமைக்கு நியாயம் இருந்தது. வயிறு காய்ந்தவனின் காரியத்திலே மெல்லப் பேசிக்கொண்டிருக்க அவகாசமில்லை.

1879 ஆம் ஆண்டு, பிரமாதி வருடம் கார்த்திகைத் திங்கள் 21 ஆம் நாள், டிசம்பர் 5 ஆம் திகதி, மக நட்சத்திரத்திலே நாவலர் பெருமான் சிவபதமடைந்தார். ஐம்பத்தேழு வயது நிறைவதற்குச் சில தினங்களே இருந்தன. இல்லறம் நாடாது, சம்பாத்தியம் நாடாது வாழ்ந்தவர் விட்டுச் சென்ற சொத்து பாடசாலைகளும் அச்சுக்கூடமும் புத்தகங்களுமே.

பேர்சிவல் முன்னரே யாழ்ப்பாணத்தை விட்டுப் போயிருந்தார். வெஸ்லியன் மிசனை விட்டு அங்கிலிக்கன் திருச்சபையிலே சேர்ந்து, சென்னை மாகாணக் கல்லூரியிலே பேராசிரியராகி, யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பழமொழித் தொகுப்பை விடாது வளர்த்து, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளோடு 1874 இலே வெளியிட்டார். தமிழ் மக்களின் நடுவிலே வாழ்நாளைக் கழித்த அவர், நாவலர் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின், 1882 இலே ஏற்காட்டில் காலமானார்.

1971 இலே இலங்கை அரசு நாவலர் பெருமானின் திருவுருவம் பொறித்த தபால் முத்திரையை வெளியிட்டது. ஆண்டுதோறும் கார்த்திகை மகத்திலே நம் ஆலயங்களிலும் சைவ பாடசாலைகளிலும் அவருக்குக் குருபூசை நடைபெற்று வருகின்றது.